வேலுத்தாய் நோட்டு

சோலைச்சாமிபுரம்,
நாகலாபுரம் வழி.
12-7-1977

செண்பகவல்லி டீச்சருக்கு,

கோவில்பட்டிப் பயிற்சியில் பத்து நாள் உங்கள் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த முப்பத்தெட்டு வாத்தியார்களில் நானும் ஒருவன். கடைசி பெஞ்சு, நரைத்த தலை, பெயர் கண்ணுசாமி. இருபத்தாறு வருச சர்வீஸ். உங்கள் வயது அதைவிட இரண்டு மூன்று கூட இருந்தால் அதிகம்.

பிரம்பைக் கீழே வையுங்கள், நோட்டைக் கையில் எடுங்கள் என்று சொன்னீர்கள். வகுப்பில் எந்தப் பிள்ளை நம் பிராணனை வாங்குகிறதோ அந்த ஒரு பிள்ளையைப் பற்றித் தினம் எழுதி மாதம் ஒரு முறை உங்களுக்கு அனுப்பவேண்டும் என்பது உத்தரவு. இங்கே அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் வேலுத்தாய். நாலாம் வகுப்பு, வயது பத்து. ஒழுங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று எழுந்து பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடுவாள். மறித்தவன் தொலைந்தான். போன வாரம் நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மணிக்கட்டில் நாலு பல் பதியக் கடித்துவிட்டாள். நாய் கடித்ததா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். உங்கள் பாடத்தின்படி நான் திருப்பி அடிக்கவில்லை. அன்று முழுக்க எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

பத்து நாள் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன விமோசனம் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
க. கண்ணுசாமி

&nbsp;

கோவில்பட்டி,
20-7-1977

மதிப்பிற்குரிய கண்ணுசாமி சார் அவர்களுக்கு,

முப்பத்தெட்டுப் பேரில் எழுதியது நீங்கள் ஒருவர்தான். கிண்டலாக எழுதினாலும் எழுதினீர்களே, அதற்கு நன்றி.

உங்கள் குறிப்பில் "திமிர்", "சேட்டை", "வளர்ப்பு சரியில்லை" என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. அத்தனையையும் அடித்துவிட்டேன். திமிரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை சார். அவள் எழுந்ததைப் பார்த்தீர்கள், ஓடியதைப் பார்த்தீர்கள். அதை மட்டும் எழுதுங்கள். எழுவதற்கு முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்று பத்தி, மணி போட்டு. ஒரு மாதம் எழுதினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் கடைசி நாள் என் மேஜையில் யாரோ ஒரு பிரம்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, "டீச்சருக்கு வழித்துணை" என்று எழுதி வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விடுதிக்கு வந்து அழுதேன். நான் கிராமத்துப் பள்ளியில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவள் இல்லை. அது உங்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது. நான் சொன்னது ஒரே ஒரு பள்ளிக்கூடத்திலாவது பலிக்காதா என்று இருக்கிறது.

அன்புடன்,
செண்பகவல்லி

&nbsp;

சோலைச்சாமிபுரம்,
3-9-1977

டீச்சருக்கு,

முதலில் ஒரு விசயம். அந்த ரிப்பன் கட்டினவன் நான்தான். என் மகளுடைய ரிப்பன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இரண்டாவது. முப்பத்தொரு நாள் மணி போட்டு எழுதினேன். முதல் இரண்டு வாரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு நாள் பத்து மணி, ஒரு நாள் மூன்று மணி, சில நாள் ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாப் பக்கத்தையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். பத்து நாற்பதுக்குக் கோவில்பட்டி பஸ் வருகிறது, அவள் அசையவில்லை. லாரி வந்தால் தலையை நிமிர்த்துகிறாள், மறுபடி குனிந்துகொள்கிறாள். எழுந்து ஓடின ஒன்பது தடவையும் ரோட்டில் ஜீப் வந்திருக்கிறது. யூனியன் ஆபீஸ் ஜீப், மலேரியாக்காரர்கள் ஜீப், ஒரு தடவை பருத்தி வியாபாரி ஜீப். எனக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அவளுக்குக் கேட்டுவிடுகிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு, தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நாம் பிடித்து நிறுத்தினால்தான் கடி.

இருபத்தாறு வருசத்தில் எத்தனை பிள்ளைகளை என்ன ஏது என்று பார்க்காமல் தோலை உரித்திருப்பேன் என்று அன்று நினைத்தேன். மனசு நன்றாக இல்லை.

அவளை ரோட்டுப் பக்கத்துச் சன்னலோரம் மாற்றி உட்கார வைத்துவிட்டேன். சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்கலாம், யாரும் மறிக்கக்கூடாது என்று வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு நாளாக ஒரு அடி இல்லை, ஒரு கடி இல்லை. நேற்று மற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். என்னிடம் வந்து, "சார், பதினாறாம் வாய்ப்பாடும் தெரியும், கேக்கியளா?" என்றாள். கேட்டேன். ஒரு இடத்திலும் தட்டவில்லை.

கண்ணுசாமி

&nbsp;

கோவில்பட்டி,
14-9-1977

கண்ணுசாமி சார்,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். ரிப்பனை மன்னித்தாயிற்று.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏன் ஜீப்? அதை அவளிடமே கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உடனே சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சொல்ல அவளுக்குத் தோன்றுகிற நாள் வரட்டும். அதன் பிறகு நோட்டை முழுசாக எனக்கு அனுப்பி வையுங்கள்.

செண்பகவல்லி

&nbsp;

சோலைச்சாமிபுரம்,
8-11-1977

டீச்சருக்கு,

கேட்டேன். ஒன்றரை மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விளையாடப் போன பிறகு, வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் வந்து அவளாக உட்கார்ந்தாள்.

"சார், யார்ட்டயும் சொல்ல மாட்டியளே?" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

"ஜீப்பு வந்தா நான் சீட்டி அடிக்கணும் சார். ஓடைக்கரையில எங்க அய்யா சரக்குக் காய்ச்சுதாவ. நான் மேட்டுல இருந்து பாப்பேன். போன வருசம் ஒரு நா உறங்கிட்டேன். அன்னைக்கு போலீசு வந்து எங்க அண்ணனப் பிடிச்சிட்டுப் போயி முட்டிய ஒடச்சிட்டாவ. இப்பவும் நொண்டிதான். பள்ளிக்கூடத்துல இருக்கையில ஜீப்பு வந்தா அங்கன யாரும் இல்லையே சார்?"

அவள் தகப்பன் தங்கச்சாமி. ஆடு வைத்துப் பிழைத்த குடும்பம். இரண்டு வருசம் மழை பொய்த்து ஆடு அத்தனையும் போயிற்று. மதுவிலக்கு இருக்கிறது, சாராயத்துக்கு நல்ல விலை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், யாரும் வாயில் எடுப்பதில்லை. நானும் கேள்விப்பட்டவன்தான். ஆனால் அதற்கும் இந்தப் பிள்ளை என்னைக் கடித்ததற்கும் முடிச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையும் நோட்டில் எழுதிவிட்டேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் நோட்டு நொண்டியாக நிற்கிறது. நோட்டை முழுசாக இத்துடன் அனுப்புகிறேன், கடைசி இரண்டு பக்கம் உங்கள் கண்ணுக்கு மட்டும்.

கண்ணுசாமி

பின்குறிப்பு: அடுத்த பயிற்சியில், போன தடவை என்னை இளக்காரமாகப் பார்த்த முன்பெஞ்சு ஆட்கள் யாராவது வந்தால், கண்ணுசாமிக்குப் பிரம்பில்லாமலும் பாடம் நடத்தத் தெரியும் என்று சொல்லிவையுங்கள்.

&nbsp;

கோவில்பட்டி,
22-1-1978

கண்ணுசாமி சார்,

நல்ல செய்தி. இந்த மாத முகாமில் நாற்பத்திரண்டு பேர். மூன்றாம் நாளே கொட்டாவியும் கிண்டலும் ஆரம்பித்துவிட்டது. உங்கள் நோட்டை எடுத்து வாசித்தேன். அரைமணி நேரம் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஒன்பது தடவையும் ஜீப்தான் என்ற இடத்தில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். முடித்ததும் கை தட்டினார்கள் சார். எனக்காக யாரும் கை தட்டி நான் கேட்டதில்லை.

பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டேன். கடைசி இரண்டு பக்கத்தை வாசிக்கவில்லை. குடும்பப் பிழைப்புக்காக ஜீப் வருகிறதா என்று பார்த்துச் சீட்டி அடிக்கிற பொறுப்பு அவளுக்கு இருந்தது என்று மட்டும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. முன்பெஞ்சு ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், உங்களைச் சொன்னதும் நம்பவே இல்லை. நாகலாபுரத்து வாத்தியார் ஒருவர் இடைவேளையில் வந்து, "நம்ம கண்ணுசாமியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று உடனே எழுதுகிறேன்.

செண்பகவல்லி

&nbsp;

சோலைச்சாமிபுரம்,
2-4-1978

செண்பகவல்லி அவர்களுக்கு,

ஜனவரியில் உங்கள் கடிதம் வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை, நானும் எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது நடந்துவிட்டது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் போலீஸ் வந்தது. ஜீப்பில் வரவில்லை. பருத்தி மூட்டை ஏற்றின இரண்டு மாட்டுவண்டியில், மூட்டைக்கு நடுவில் படுத்து எட்டுப் பேர் வந்தார்கள். இது பருத்தி எடுக்கிற காலம், ஒரு நாளைக்குப் பத்து வண்டி அந்தப் பாதையில் போகும். பிள்ளைகள் வண்டியை மறித்து ஒரு கை பருத்தி வாங்கிக் கடையில் போட்டு முறுக்கு வாங்கித் தின்னும். வேலுத்தாய் மேட்டிலிருந்து இறங்கி ஓடிப்போய், "ஒரு கை பருத்தி தாங்க மாமா" என்று கேட்டிருக்கிறாள். ஓடைக்குப் பக்கத்தில் வந்துசேரும்வரை வண்டிக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

முதலில் குதித்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, சீட்டி அடிக்கிற புள்ள நீதானா? ஜீப்புச் சத்தம் கேட்டாத்தானே அடிப்ப?" என்று கேட்டானாம். அவள் அய்யாவும் அம்மாவும் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்களாம்.

அந்த வார்த்தை எங்கிருந்து போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். நாகலாபுரத்து ஆள் பஸ்ஸிலும் டீக்கடையிலும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். கண்ணுசாமி பள்ளிக்கூடம் என்றால் எந்த ஊர், அந்த ஊரில் யார் காய்ச்சுகிறவன் என்று கண்டுபிடிக்க ரொம்ப மூளை வேண்டியதில்லை.

தங்கச்சாமியை அடித்தே இழுத்துப் போனார்கள். அன்றைக்கு அவள் அம்மா முத்துத்தாய் கரண்டிக் காம்பைப் பழுக்க வைத்து, பிள்ளையின் வாயில் சூடு போட்டுவிட்டாள். இரண்டு உதடும் வெந்துபோயிற்று. வைத்தியரைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இனி எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

க. கண்ணுசாமி

&nbsp;

கோவில்பட்டி,
7-4-1978

கண்ணுசாமி சார்,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் எப்படி இருப்பது?

நான் சாராயம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் பெயரை மட்டும் சொன்னேன், அது போதுமாக இருந்திருக்கிறது. நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு பக்கம் என் கண்ணுக்கு மட்டும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே பின்குறிப்பும் இருக்கிறது. முன்பெஞ்சு ஆட்களிடம் சொல்லிவையுங்கள் என்று. அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம், சாக்குதான் சொல்கிறேன். எனக்கே தெரிகிறது.

நாற்பத்திரண்டு பேரும் ஆசிரியர்கள், ஒரு பிள்ளையின் கதையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தேன். அதை வாய்க்குள் வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

காயம் எப்படி இருக்கிறது? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். நான் நேரில் வந்து அந்த அம்மாவிடம் பேசுகிறேன். தப்பு என் பேரில் என்று சொல்கிறேன். அப்படியாவது பிள்ளை பேரில் இருக்கிற கோபம் குறையாதா?

செண்பகவல்லி

&nbsp;

சோலைச்சாமிபுரம்,
14-8-1978

டீச்சருக்கு,

வராதீர்கள் என்று சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் போன மாதம் வந்துவிட்டீர்கள். முத்துத்தாய் நீங்கள் பேசி முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாளே, அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மறுநாள் களை எடுக்கப் போகிற வழியில் என்னை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீங்க அடிச்சிருந்தியன்னா அவ சொல்லியிருக்க மாட்டா சார். எங்க வீட்டுப் பிள்ளைக அடிக்கு அசையாது. அடிக்காம, பக்கத்துல உக்காந்து கேட்டியள்லா, அதான் சொல்லிட்டா. இனிமே அப்படி யார்ட்டயும் பிரியமா இருக்காதீங்க" என்றாள்.

அதிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை.

ஏப்ரலில் உங்களைக் குதறி எழுதினேன். அதில் பாதி எனக்கு எழுதவேண்டியது. உங்கள் கண்ணுக்கு மட்டும் என்று எழுதின கைதான், நாலு பேர் என்னை மெச்சவேண்டும் என்றும் எழுதியது. அந்தப் பிள்ளையிடம் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னவன், இரண்டே நாளில் மை தொட்டு எழுதி, தபாலில் போட்டேன். நீங்கள் நாற்பத்திரண்டு பேரிடம் சொல்வதற்கு முன்னால் நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். நம் இரண்டு பேரில் யார் கணக்கில் எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை.

காயம் ஆறிவிட்டது. கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. தங்கச்சாமிக்கு ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் வருவதில்லை.

கண்ணுசாமி

&nbsp;

கோவில்பட்டி,
10-11-1978

கண்ணுசாமி சார்,

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பயிற்சிக்காக ஒரு கைப்புத்தகம் அச்சடிக்கிறார்கள். ஜனவரி முகாமில் நான் வாசித்ததைக் குறிப்பெடுத்த மேலதிகாரி ஒருவர், அதை மாதிரிப் பாடமாகச் சேர்த்துவிட்டார். என்ன நடந்தது என்று சொன்னேன். போலீஸ் விவகாரம் வேறு, கற்பித்தல் முறை வேறு, முறை வெற்றிதானே என்றார். வாசிக்கமாட்டேன், போடக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன். பயிற்சி வேலையிலிருந்து விடுவித்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் போடும்படியும் கேட்டிருக்கிறேன். நான் போனாலும் புத்தகம் நிற்காது போலிருக்கிறது.

"முடிவு" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பிள்ளையின் இப்போதைய நடத்தையை உங்களிடம் கேட்டு நிரப்பச் சொல்கிறார்கள். நானாக ஒன்றும் எழுதமாட்டேன். உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

செண்பகவல்லி

&nbsp;

சோலைச்சாமிபுரம்,
27-11-1978

டீச்சருக்கு,

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு எழுதுவோம் என்று தோன்றியது.

அக்டோபர் மாதம் வேலுத்தாய் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தாள். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை, இங்கே மதியம் ஒரு வேளை சாப்பாடு கிடைக்கிறது. அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தங்கச்சாமியும் வெளியே வந்துவிட்டான். அவளோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று அவள் அண்ணன் இசக்கியப்பன் சொன்னான்.

எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறாள். எழுதச் சொன்னால் எழுதுகிறாள். யாரையும் தள்ளுவதில்லை, அடிப்பதில்லை. பிள்ளைகள் "சீட்டி, சீட்டி" என்று சீண்டினாலும் நிமிர்வதில்லை. இழுத்துக்கொண்ட உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தே இருக்கிறாள். கேள்வி கேட்டால் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாது சார்" என்கிறாள். தெரியும் டீச்சர். அவளுக்கு எல்லாம் தெரியும். சிலேட்டில் சரியாகப் போட்டு வைத்திருப்பாள், வாயால் சொல்லமாட்டாள். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். எழுந்து வந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப்பில்தான் வந்தார். சத்தம் கேட்டதும் வகுப்பு அத்தனையும் சன்னலுக்கு ஓடியது. இவள் ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடு தாயி, பக்கத்தில் இருக்கிறவளைத் தள்ளு, என்னைக் கடி என்று கத்தவேண்டும் போல் இருந்தது. இன்ஸ்பெக்டர் அவள் தலையைத் தடவி, "பள்ளிக்கூடத்திலேயே ஒழுக்கமான பிள்ளை இதுதான்" என்று எல்லோருக்கும் சொன்னார். பார்வை நோட்டிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

முடிவு என்ற கட்டத்துக்கு அதுவே சரியாக இருக்கும். பிள்ளையால் இப்போது யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சாகிக் கைக்கு வந்த பிறகு, அதைப் படித்துக் கை தட்டுகிற வாத்தியார் யாராவது இருந்தால் ஒரு நாள் இங்கே அனுப்பி வையுங்கள். ஒன்றும் செய்யவேண்டாம், ஒன்றும் கேட்கவேண்டாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

கண்ணுசாமி